ஏழாவது ஸ்பீக்கர்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்காக அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தைக் கேட்டால் தான் கிழித்ததையெல்லாம் வரிசையாக எடுத்து விடுவான். நானும் அந்த ரகம்தான், சந்தேகம் இருந்தால் என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் இன்றைக்கு நான் கெடுத்த ஒரு வேலையைத்தான் சொல்லப் போகிறேன். கெடுத்தவன் நான். அதனால் நஷ்டப்பட்டவர் ஒரு பெண்மணி. அவர் அன்று நடந்துகொண்ட விதத்தைப் போல இந்தத் தொழிலில் வேறு யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் கண்காட்சி என்றால் பெரும்பாலும் மோட்டார், பம்பு, நூற்பாலை இயந்திரம், கிரைண்டர்தான். ஸ்டால் கட்டுவது, விளக்குப் போடுவது, ஸ்லைடு காட்டுவது, ஸ்பீக்கரில் பேச வைப்பது எங்கள் கம்பெனி வேலை. ஒலியும் ஸ்லைடும் என் கையில் இருந்தன. இடத்தில் நடக்கிற மொத்த வேலைக்கும் நானே பொறுப்பு. உங்களுக்கு இப்போது எல்லாம் பென் டிரைவில் வந்து இறங்குகிறது. நாங்கள் ஸ்லைடு புரொஜெக்டரையும் டேப் ரிக்கார்டரையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதற்குள் பாதி ஆயுள் போய்விடும். அந்தக் கதையெல்லாம் உங்களுக்கு வேண்டாம், கொட்டாவி விடுவீர்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பொருளையெல்லாம் ஒரு கை பாத்துருங்க" என்பேன். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் நனைத்த பஞ்சு வேஸ்டால் துடைத்து, ஒரு கோட்டிங் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்திவிடுவார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ் ஏறி பம்பு பார்க்க வருகிற விவசாயியின் முன்னால் அழுக்குப் பம்பை வைக்க முடியுமா? இந்த வேலையில் எங்கள் பெயின்டர் ரஃபீக் பாய் பெரிய கெட்டிக்காரர். உக்கடத்துக்காரர். அவர் அடித்த பம்பில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்ட முதலாளிகளை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படி இருந்த எங்களிடம்தான் ஒரு நாள் அந்தக் கண்காட்சி வந்தது. கனடாவிலிருந்து ஒரு சீனப் பெண்மணி வருகிறார், ஓவியம், ஸ்லைடு, டி.வி., ஒலி எல்லாம் கலந்து ஏதோ வைக்கப் போகிறாராம், பழைய பஞ்சு குடோன் ஒன்றை எடுத்திருக்கிறார் என்றார் எங்கள் முதலாளி. எனக்கு ஆங்கிலம் தடுமாறும். நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குடோன் நடுவில் நின்றார். நான் என் முதல் ஆங்கில வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள், "ஏனுங்க, இந்தக் குடோனுக்குக் கரண்ட்டு எந்தப் பக்கமிருந்துங்க வருது? நேத்திருந்து தேடறேன், ஆப்படல" என்றார். பாய் கையிலிருந்த டீ டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிட்டது.

அவர் பெயர் மெய்லிங். பிறந்தது, பன்னிரண்டு வயது வரை வளர்ந்தது எல்லாம் இதே ஊரில். நான் "மேடம்" என்றதும், "அக்கான்னு கூப்புடுங்க, போதும்" என்றுவிட்டார். அவருடைய தமிழ் பன்னிரண்டு வயதோடு நின்றுபோன தமிழ். நொண்டி விளையாடுகிற பிள்ளைகள் பேசுகிற சொற்களில் அந்த அம்மாள் பெரிய விஷயங்களைப் பேசுவார். முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தத் தமிழைக் கேட்பதற்காகவே சும்மா எதையாவது கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய அப்பாவை நம் ஊர் பவுண்டரிக்காரர்களுக்குத் தெரியும். சீனா மேஸ்திரி என்பார்கள். தெற்குச் சீனாவில் கான்டன் பக்கத்து ஊர்க்காரர். அந்தப் பக்கத்துத் தச்சர்கள் கப்பல் வேலைக்காகக் கல்கத்தாவுக்கு நிறையப் பேர் வந்தார்கள், அவரும் வந்தார். அங்கிருந்து இங்கே வந்து பேட்டர்ன் செய்ய உட்கார்ந்தார். பேட்டர்ன் என்றால், இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்வது. அந்த மரத்தை மணலில் பதித்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும், அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். நம் பக்கத்துக் கிணறுகளில் ஓடிய பழைய பம்புகளில் எத்தனையோ பம்பு அவர் கையால் மரமாக இருந்து, அப்புறம் இரும்பானவை. நான் வருஷக்கணக்காகப் பம்புக்கு விளக்குப் போட்டவன். அதுவரை இது எனக்குத் தெரியாது.

மெய்லிங் அக்காவின் அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டார். சீனப் போர் முடிந்த சமயம், நம் ஊரிலேயே இருபது வருஷம் இருந்த மனிதரைச் சீனர் என்று வாரா வாரம் போலீசில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மகளைத் தனியாக வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த அத்தையோடு மகளை ரயிலேற்றி அனுப்பினார். அத்தை குடும்பம் பிறகு கனடாவுக்குப் போனது. மகளும் போனார்.

"ஸ்டேசன்ல எங்கப்பா ஒரு வார்த்த பேசலீங்க" என்றார் அக்கா, ஒரு நாள் ஒயர் சுற்றிக்கொண்டே. "பொட்டிய மேல வெச்சாரு, எறங்கிப் போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல. அப்பறம் ஆள வெச்சுத் தமிழ்ல எழுதுன லெட்டர்லயும் ஒடம்பப் பாத்துக்கோ, படி, அவ்வளவுதான். என்னை அனுப்புனதுல அவருக்கு வருத்தம் இருந்துச்சா, இல்ல பாரம் எறங்குச்சுன்னு இருந்தாரா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

கண்காட்சியில் மூன்று அறைகள். முதல் அறையில் வெள்ளை மில் துணியைத் திரையாகக் கட்டி, கடல் தாண்டிப் போன கான்டன் குடும்பங்களின் சமையலறைகளை ஸ்லைடாகக் காட்டினோம். கல்கத்தா, பினாங்கு, மொரிஷியஸ், வான்கூவர். எந்த ஊரானாலும் அடுப்புக்குப் பக்கத்தில் அடுப்புச் சாமிக்குச் சிவப்புத் தாள், ஊதுவத்தி. இரண்டாம் அறையில் ஆறு டி.வி. ஒவ்வொன்றிலும் ஒரு கிழவரோ கிழவியோ அவர்கள் மொழியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். என்ன கேள்வி என்று விசாரித்தேன். "சாப்புட்டாச்சான்னு கேக்கறாங்க. ஆரையாவது பாத்தா எங்காளுக மொதல்ல அதத்தான் கேப்பாங்க" என்றார். அப்புறம் எங்கள் ஆட்கள் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் டி.வி.யைப் பார்த்து, "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று பதில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் அறைதான் உயிர். மேஸ்திரி வீட்டுப் பரணில் அக்கா பதின்மூன்று பேட்டர்ன்களைக் கண்டுபிடித்திருந்தார். செய்து முடித்து, ஆர்டர் நின்றுபோய், கொடுக்காமல் கிடந்தவை. எல்லாவற்றிலும் தட்டையான பக்கத்தில் மையால் சீன எழுத்து இருந்தது. அக்காவுக்கு அந்த மொழி பேச வரும், எழுத்துத் தெரியாது. அப்பாவைக் கேட்டால், அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைத்தேன் என்றாராம். இன்று மழை. மோட்டாருக்கு நல்ல தேக்கு கிடைத்தது. பக்கத்து வீட்டில் கல்யாணம். இப்படி ஒவ்வொரு வரி, அடியில் எண்ணில் தேதி. பேட்டர்ன்களை வரிசையாக மேடையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பீக்கர் வைத்தோம். மேஸ்திரி அந்த வரியை வாசித்துப் பதிவு செய்த குரல் அதிலிருந்து வரும்.

பன்னிரண்டு குரல் பதிவாகிவிட்டது. ஏழாவதை மட்டும் அக்கா வாசிக்க விடவில்லை. அது பெரிய பம்புக் கூட்டின் ஒரு பாதி, நத்தை ஓட்டை நெடுக அறுத்த மாதிரி இருக்கும். அதில் இருந்த தேதி, அவர் ரயிலேறிய தேதி. அதைத் திறப்பு விழாவில் மேஸ்திரி எல்லார் முன்னிலும் வாசிப்பார், நான் அப்போதே பதிவு செய்து மறுநாளிலிருந்து ஏழாவது ஸ்பீக்கரில் ஓட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த எழுத்தை அக்கா போட்டோகூட எடுக்கவில்லை. எடுத்தால் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லிவிடுவேன் என்றார்.

"ஏனுங்கக்கா, இப்பவே கேட்டுப்போடலாமுல்ல?" என்றேன்.

"பயமா இருக்குதுங்க. அதுல வெறும் மழைன்னு இருந்தா? அதக் கேக்கறப்ப நான் தனியா இருக்க வேண்டாம். நூறு பேரு சுத்தி இருக்கட்டும்" என்றார்.

இது எனக்குத் தெரியும். அவர் வாயால் சொல்லி, என் காதால் கேட்டிருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை. அக்கா சாப்பாடு வாங்கவும் அப்பாவைப் பார்க்கவும் போயிருந்தார். முதல் அறையில் இரண்டு புரொஜெக்டரும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடித்தன. நான் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு மண்டை காய்ந்து கிடந்தேன். பாய் வாசலில் வந்து, "எங்க வேலை முடிஞ்சுது தம்பி, அடுத்து என்ன?" என்றார். நான் திரும்பிப் பார்க்காமலே, "ஒரு கை பாத்துருங்க பாய்" என்றேன். என் நினைப்பில் டி.வி. வைத்த மேஜைகளும் மேடைப் பலகைகளும்தான் இருந்தன. பாயிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்கிற ஆட்கள் என்று எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு மணி நேரம் கழித்துத் தின்னர் வாசனை வந்தது. மூன்றாம் அறைக்குப் போனேன். ஏழாவது பேட்டர்ன் செக்கச்செவேலென்று மின்னிக்கொண்டு நின்றது. பாய் அடுத்ததைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பெருச மொதல்ல முடிச்சுட்டேன் தம்பி. வெறும் மரமா இருந்துச்சு, மேல என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாங்க. நல்லா தேச்சு எடுத்துட்டேன். பாருங்க, கண்ணாடி!"

விஷயத்தைச் சொன்னதும் பாய் கையிலிருந்த பேட்டர்னை மெதுவாகக் கீழே வைத்தார். "நாஞ் செஞ்சதுதானே தம்பி. நான் சொல்லாமக் கொள்ளாம செஞ்சுட்டேன்னு சொல்லீருங்க. நான் பெயின்டர், எனக்கென்ன தெரியும்? உங்க பேரு கெட வேண்டாம்" என்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நான் நல்லவன் மாதிரி எழுதிக்கொண்டு போக இஷ்டமில்லை. பாய் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவர் செய்தது, அவர் சொல்லட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி முதலாளியைக் கூப்பிட்டேன். அவர், "இப்ப வாயத் தொறந்து கெடுத்துப்போடாதீங்க. அது மேல ஒரு துணியப் போட்டு மூடுங்க, ஓப்பனிங் முடியட்டும். அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார். அதுவும் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஓப்பனிங் மேடையில் ஏறி நூறு பேர் நடுவில் அந்த அம்மாள் அந்தத் துணியை எடுத்துப் பார்க்கப் போகிறார் என்பது பூத்திலிருந்து திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. அவர் பயந்ததே அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அந்த நிமிஷத்தில் போய் அவரைத் தள்ளுவதா?

அக்கா ஒரு மணிக்கு வந்தார். இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பொட்டலம். அவர் அதைக் கீழே வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "அக்கா, ஏழாவது பேட்டர்ன்ல இருந்த எழுத்து போயிருச்சுங்க. பெயின்ட் அடிச்சுட்டோம். நாஞ் சொல்லித்தான் பாய் அடிச்சாரு. தப்பு என்னோடதுங்க."

நீங்களும் ஒரு நாள் இப்படிச் சொல்ல வேண்டி வரும். அப்போது, 'ஒரு சின்னப் பிரச்சினை' என்று ஆரம்பிக்காதீர்கள். காரணத்தை முதலில் சொல்லாதீர்கள். என்ன போயிற்று, யாரால் போயிற்று, இந்த இரண்டையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு அன்று பயத்தில் வேறு வார்த்தை வரவில்லை, அதனால்தான் சரியாகச் சொன்னேன்.

அவர் பொட்டலங்களை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். விரலால் தொட்டார். ஈரம் ஒட்டிக்கொண்டது. சிவந்த விரலைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எப்பங்க காயும்?"

"பொழுதோட காஞ்சுரும்மா" என்றார் பாய். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்ப செரி. எடுத்த எடத்துலயே வெச்சிருங்க. மொதல்ல எல்லாரும் உண்ணுங்க, ஆறிப்போயிரும்." அதைச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். அங்கே போய் அழுதார். எங்களுக்குக் கேட்டது. நாங்கள் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். எண்பது வயது, கோடு போட்ட அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். மகள் அவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். மேஸ்திரி பேட்டர்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பாயிடம் திரும்பினார். "ஆரு அடிச்சது? நீங்களா? நல்ல கையுங்க உங்களுக்கு. பிரஷ் தடமே தெரியல."

பாய் கைகூப்பி மன்னிப்புக் கேட்கப் போனார். மேஸ்திரி தடுத்துவிட்டு மகளிடம் தமிழிலேயே சொன்னார்.

"பெயின்ட் அடிக்காத பேட்டர்ன் பவுண்டரிக்குப் போகாது கண்ணு. எழுதுவேன், மேல அரக்குப் பூசுவேன், அதுக்கு மேல பெயின்ட் அடிச்சுக் குடுத்துருவேன். நாஞ் செஞ்ச எல்லாத்துலயும் உள்ளுக்குள்ள எழுத்து இருக்குது. இதெல்லாம் நின்னுபோன ஆர்டரு, அதனால அரக்கும் பூசல, பெயின்ட்டும் அடிக்கல. அவ்வளவுதான்."

"அப்பா, இதுல என்ன எழுதுனீங்க?"

மேஸ்திரி அந்தச் சிவப்பு மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலையை ஆட்டினார். "நெனப்பில்ல கண்ணு."

ஏதாவது ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். 'உன்ன நெனச்சு அழுதேன்னு எழுதுனேன்' என்று சொல்லியிருந்தால் சரிபார்க்க ஆளில்லை. மகளும் சந்தோஷப்பட்டிருப்பார், என் தலையும் தப்பியிருக்கும். அந்த மனிதர் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவர் மேல் கோபம்கூட வந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே குணம் என்று இப்போது புரிகிறது.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. மில் முதலாளிகள், கல்லூரி ஆசிரியர்கள் வந்தார்கள். பின்னால் பவுண்டரித் தொழிலாளர்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள், சீனா மேஸ்திரி பேட்டர்ன் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். மெய்லிங் அக்கா என்னிடம் காலையிலேயே சொல்லிவிட்டார். "ஏழாவது ஸ்பீக்கர்ல ஒண்ணும் ஓட்டாதீங்க. விளக்கு மட்டும் போடுங்க. முக்கால் நிமிசம் சும்மா இருக்கட்டும்." நம் தொழிலில் சத்தமில்லாத முக்கால் நிமிஷம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாரடைப்பு வந்துவிடும். மாற்று டேப் ஒன்றில் புல்லாங்குழல் வைத்திருந்தேன், அதையாவது போடட்டுமா என்று கெஞ்சினேன். வேண்டாம் என்றார்.

ஒவ்வொரு பேட்டர்னுக்கும் விளக்கு விழுந்தது, குரல் வந்தது. மேஸ்திரி முதலில் அவர் மொழியில் வாசிப்பார், பிறகு நம் தமிழில் சொல்வார். ஆறு முடிந்தது. ஏழாவதுக்கு விளக்கைப் போட்டேன். அக்கா முன்னால் வந்தார். என் பெயர் வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அது வேண்டியதுதான்.

"இது நான் இந்த ஊர உட்டுப் போன அன்னைக்கு எங்கப்பா செஞ்சதுங்க. இதுல எழுதியிருந்தது அழிஞ்சுபோச்சு. என்னன்னு அவருக்கும் நெனப்பில்லீங்க" என்றார். அவ்வளவுதான். பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

முக்கால் நிமிஷம். புரொஜெக்டரின் காற்றாடிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. செருமல்கூட இல்லை. எத்தனையோ பேரின் குரலை எத்தனையோ ஸ்பீக்கரில் கேட்க வைத்திருக்கிறேன், இப்படி ஒரு கூட்டம் காது கொடுத்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன். "ஏனுங்கக்கா, எங்க பேரச் சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொன்னா அல்லாரும் உங்களையும் பாயையும் திரும்பிப் பாப்பாங்க. அப்பறம் பேட்டர்ன ஆரு பாக்கறது?" என்றார். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. பரவாயில்லாத விஷயம் இல்லையே அது. ஆனால் தன் வேலைக்கு எது வேண்டும் என்பதை அந்த நிலைமையிலும் மறக்கவில்லை பாருங்கள், அந்தத் தெளிவுக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. மூன்றாம் நாள் காலை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மாரப்பன் என்று ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற மோல்டர், அதாவது பேட்டர்னை மணலில் பதித்து அச்சு எடுக்கிறவர். திறப்பு விழாவில் பின்னால் நின்றிருந்தவராம். கையில் சாக்கில் சுற்றிய ஒரு பொருள்.

"அந்த ஏழாவது பேட்டர்னோட சோடி எங்கிட்ட இருக்குதுங்க" என்றார். "ரெண்டு பாதியில ஒண்ண மட்டும் முன்கூட்டியே குடுத்துட்டாங்க, அப்பறம் அந்த ஆர்டரு நின்னுபோச்சு. தூக்கிப்போட மனசு வல்ல. ஊட்டுல கிரைண்டரு ஆடாம இருக்கறதுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தோம். அன்னைக்குப் பாத்ததும் எனக்குத் தூக்கமில்லீங்க. மேஸ்திரி எப்பவும் ரெண்டு பாதியையும் ஒண்ணாத்தான் செய்வாரு, அப்ப இதுலயும் எழுதியிருப்பாரில்லீங்க."

சாக்கைப் பிரித்தார். சிவப்புப் பெயின்ட், மேலெல்லாம் மாவுக் கறை. அது பவுண்டரிக்குப் போன பாதி. அப்படியென்றால் அரக்குப் பூசியிருக்க வேண்டும்.

மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து, சுரண்ட வேண்டாம், தின்னர் போட்டால் பெயின்ட் மட்டும் போகும், அரக்கு போகாது என்றார். பாய் வேஸ்டையும் தின்னரையும் எடுத்து வந்தார். அக்கா அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீங்க தொடைங்க."

"அக்கா, நான் மறுபடியும் கெடுத்துருவனுங்க. பாய் செய்யட்டுமுங்க."

"மூடச் சொன்னது நீங்கதானுங்க. தொறக்கறதும் நீங்களே தொறங்க." கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி விடுகிறார் என்று தெரிந்தது.

துடைத்தேன். முதல் துடைப்பில் சிவப்புக் கலங்கியது. அப்புறம் பழுப்பாக அரக்கு தெரிந்தது. அதற்கடியில் கறுப்பாக ஒரு கோடு, இரண்டு கோடு, பிறகு வரிசையாக எழுத்து. மூலையில் அதே தேதி. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார், அது வலித்தது.

மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். அவர் மொழியில் வாசித்தார். அக்கா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். எங்களுக்காக மேஸ்திரி தமிழில் சொன்னார்.

"புள்ள ரயிலேறிருச்சு. ஊடு நெம்பப் பெருசாயிருச்சு."

மாரப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றார். வாழ்நாள் முழுக்க அளவு எடுத்த தச்சர், தன் வீட்டை அளந்து எழுதிய வரி அது. நான் அழித்த பாதியில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அது போனது போனதுதான்.

அக்கா தன் பன்னிரண்டு வயதுத் தமிழில் கேட்டார். "ஏனுங்கப்பா, இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை போலிருந்தது.

"அதுதான் எழுதிப்போட்டனே கண்ணு."

ரிக்கார்டர் என் கைக்கு எட்டுகிற தூரத்தில், டேப் ஏற்றித் தயாராக இருந்தது. நான் பொத்தானை அழுத்தவில்லை. பிறகு அக்காவிடம், ஐயாவை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி ஏழாவது ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார். சோடியை மட்டும் பக்கத்தில் வைக்கச் சொன்னார், ஒன்று சிவப்பாகவும் ஒன்று துடைத்தபடியும்.

கண்காட்சி இன்னும் பத்து நாள் நடந்தது. நான் தினமும் ஏழாவது பேட்டர்ன் பக்கத்திலேயே நின்றேன். விளக்கு விழும், சத்தம் வராது, யாராவது ஒருவர் என்னைத் தேடி வருவார்.

"ஏனுங்க, இந்த ஸ்பீக்கரு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க" என்பேன். "நல்லாத்தான் ஓடிட்டிருக்குது. கொஞ்சம் நின்னு கேளுங்க."